அவசரத்துக்குச் செபஸ்தியான்

"அரிசி மில்லா? யாருய்யா அரிசி மில்லைக் கேட்டா? இங்க ஒரு பொண்ணு பிரசவ வலியில துடிக்குது." செபஸ்தியான் ரிசீவரைப் பட்டென்று வைத்தார்.

துடித்தது அவர் வீட்டுப் பெண் அல்ல. மூன்றாம் வீட்டு மஜீதாவின் மகள் வஹீதா, தலைப்பிரசவம். அலறல் சுவரைத் தாண்டி வந்ததுமே, யாரும் கூப்பிடாமல், மனிதர் டெலிபோன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

ரயில்வே பார்சல் ஆபீஸில் ரிட்டையரான கையோடு, பாலக்கரையில் அந்தச் சந்துக்கே முதல் டெலிபோனை வாங்கியவர் அவர். முழங்கால் வலி, வெளியே நடமாட்டம் இல்லை. அதனால் வீட்டில் இருந்தபடியே அக்கம்பக்கத்துக்கு உபகாரம் செய்வதாக மாதாவிடம் நேர்ந்துகொண்டாராம்.

நேர்ச்சையோடு விட்டாரா என்றால், இல்லை. ஏலத்தில் எடுத்த ரயில்வே தேக்குப் பெஞ்சைச் சந்து முனையில் போடவைத்து, 'அவசர உதவிக்கு டெலிபோன். இலவசம். காத்திருப்போர் இங்கே அமரவும்' என்று போர்டும் மாட்டினார். சுவரோரம் சாக்கடை ஓடுவதால் பெஞ்சு குறுக்கேதான் கிடந்தது. ராத்திரியில் யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால்? விளக்குக் கம்பத்தோடு சேர்த்துச் சங்கிலி, பூட்டு. அன்றிலிருந்து பால்காரர் மருதை கேனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, ஒருக்களித்துத்தான் சந்துக்குள் நுழைகிறார்.

பெஞ்சு காத்திருந்தது, ஆள்தான் வரவில்லை. காய்ச்சலென்றால் ஜனங்கள் கஷாயம் குடித்தார்கள், சாவென்றால் ஆள் அனுப்பினார்கள். "போனுக்கு ஒரு மாலையப் போட்டு மெழுகுவத்தி ஏத்தி வைங்க, கும்பிடவாச்சும் நாலு பேர் வருவாங்க" என்று மனைவி இருதயமேரி குத்திக் காட்டுவாள். அவள் காலைப் பூசைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து இந்த வலி வந்தது, செபஸ்தியானின் அதிர்ஷ்டம்.

அதற்குள் மஜீதாவே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிவந்து நிலைப்படியில் நின்றாள். மெல்லப் பேசியே பழகியவள். சந்தில் அவள் குரலை முழுசாகக் கேட்டவர்கள் குறைவு. "அண்ணே, ஒண்ணு சொல்லணும்..."

"எல்லாம் தெரியும்மா. நான் பாத்துக்கறேன், நீங்க கவலப்படாம நில்லுங்க." மறுபடி ரிசீவரை எடுத்தார். "எக்ஸ்சேஞ்சா? ஏம்மா, புத்தூர் டாக்டரம்மா வீட்டைக் கேட்டா அரிசி மில்லைக் குடுக்கறியே, அந்தப் பொண்ணு புள்ள பெத்துக்கறதா, நெல்லு குத்தறதா?"

மஜீதா உள்ளே வந்து மேஜைப் பக்கம் கையை நீட்டினாள். மேஜையில் டெலிபோனுக்குப் பக்கத்தில் மூக்குக் கண்ணாடியும் சாவிக்கொத்தும் கிடந்தன. செபஸ்தியான் பதறி இரண்டு கையாலும் எல்லாவற்றையும் தன் பக்கம் வாரிக்கொண்டார்.

"தொடாதீங்கம்மா. பழக்கமில்லாதவங்க தொட்டா லைன் போயிடும்."

லைன் கிடைத்தது. டாக்டரம்மா குளிக்கிறாராம், இருக்கச் சொன்னாள் வேலைக்காரி. வெளியே ஒரே கூச்சல், குதிரை வேறு கனைத்தது. செபஸ்தியான் பல்லைக் கடித்துக்கொண்டு கைத்தடியால் ஜன்னலைத் தள்ளிச் சாத்தினார்.

"அண்ணே, புள்ள தாங்காதுண்ணே. அந்த..."

"அதத்தாம்மா நானும் சொல்றேன். அவசரம்னா என்னன்னு எவனுக்குத் தெரியுது இந்த ஊர்ல?" என்றவர், சட்டென்று குரலைப் பணிவாக்கினார். "டாக்டரம்மாங்களா? நமஸ்காரங்க. பாலக்கரையிலேருந்து செபஸ்தியான், ரிட்டையர்டு பார்சல் கிளார்க்..."

வலி எடுத்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று டாக்டரம்மா கேட்டார். பிறகு சொன்னது மஜீதாவுக்கே கேட்டது: "உடனே கொண்டு வாங்க. போன்ல என்ன பேச்சு?"

செபஸ்தியானின் முகம் சுருங்கிவிட்டது. உபகாரம் செய்கிறவனுக்கு இதுதான் மரியாதை. ஆனாலும் விடவில்லை, டாக்சி ஸ்டாண்டைப் பிடித்தார்.

"அந்தச் சந்துக்கா? உள்ள வண்டி வராதுங்களே" என்றான் டாக்சிக்காரன்.

"ஏன்யா வராது? எங்க சந்துன்னா உங்களுக்கெல்லாம் அவ்வளவு இளக்காரமா?" அவன் வைத்துவிட்டான். இன்னொரு நம்பர் கேட்டார். எக்ஸ்சேஞ்சுப் பெண் "என்கேஜ்டு" என்றாள். இன்னொன்று கேட்டார், மணி அடித்தது அடித்தபடியே இருந்தது, எடுக்க ஆளில்லை.

சாத்தின ஜன்னலையும் மீறி வஹீதாவின் அலறல் வந்தது. இந்த முறை சந்து முனைப் பக்கமிருந்து வந்த மாதிரி இருந்தது. அதையெல்லாம் கவனிக்கிற நிலைமையில் அவர் இல்லை.

ரிசீவரை வைத்துவிட்டு நாற்காலியில் தொப்பென்று சாய்ந்தார். கண் கலங்கிவிட்டது. நேர்ந்துகொண்ட நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு அவசரம் வந்திருக்கிறது, அதற்குக்கூட இந்தக் கறுப்புப் பெட்டி உதவவில்லை என்றால் வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம்?

"என்னால ஆனதெல்லாம் பாத்துட்டேம்மா. எவனும் அசைய மாட்டேங்கறான். இனிமே நான் என்னதான் செய்யணும், நீங்களே சொல்லுங்க."

மஜீதா அன்றுதான் முதன்முதலாகச் சந்து முழுக்கக் கேட்கும்படி குரலை எடுத்தாள்.

"குதிர வண்டி அப்பவே வந்து முனையில நிக்குதுண்ணே. நெறமாசக்காரி ஒருக்களிச்சு எப்படிப் போவா? பெஞ்சு சாவியக் குடுங்க."