கட்டைவிரலின் எண்

மழை விட்டும் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டின் தகரக் கூரை சொட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று வெளியே போக, கட்டில் லேசாக அதிர்கிறது. மோகனா தம்பி முகுந்தனின் வலக்கையைத் தன் மடியில் வைத்திருக்கிறாள். செனாவாங் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வரும்போது மோட்டார் சைக்கிள் சறுக்கியதிலிருந்து அவனுக்குப் பேச்சில்லை. விரல்களால் எண்ணும் இந்த விளையாட்டை அதற்கு முன்பே அவன்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். கட்டைவிரல் நிமிர்ந்தால் ஒன்று, ஆள்காட்டி விரல் இரண்டு, அடுத்தது நான்கு, பிறகு எட்டு, பதினாறு. நிமிர்ந்தவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். "ஒரே கையில முப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணலாம்கா. நீ அஞ்சுலயே நிக்கிற" என்று கேலி செய்வான்.

"தம்பி, சைக்கிளுக்கு எத்தன சக்கரம்?" ஆள்காட்டி விரல் மெல்ல எழுகிறது. மோகனா பக்கத்து வீட்டுத் தாயம்மாவிடம் திரும்புகிறாள். "பாத்தீங்களாக்கா, அவனுக்கு எல்லாம் புரியுது."

தாயம்மா துணி மடித்தபடி, தலை நிமிராமல் சொல்கிறாள்: "நீயும் தெனம் ரெண்டு வர்ற கேள்வியாவே கேக்குற லா. மூணு வர்றமாதிரி ஒண்ணு கேளேன்."

அது மோகனாவுக்குத் தெரியாததல்ல. "அம்மாவுக்கு நாம எத்தன பிள்ளைங்கடா? பெரியக்காவையும் சேத்து சொல்லு." ஆள்காட்டி விரல் எழுகிறது. மூன்றுக்கு அதோடு எழவேண்டிய கட்டைவிரல் உள்ளங்கைக்குள் சுருண்டே கிடக்கிறது. அது எழாமல் ஒற்றை எண் எதுவும் வராது. மற்ற நான்கும் எப்படிச் சேர்ந்தாலும் இரட்டைதான். அவள் அதைத் தன் விரலால் நிமிர்த்துகிறாள். விட்டதும் மடங்கிக்கொள்கிறது. தாயம்மாவின் கைகள் துணியின் மேல் அப்படியே நிற்கின்றன. மோகனா குரலைத் தாழ்த்தி, "நானும் நீயும் எத்தன பேருடா?" என்கிறாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் ஆள்காட்டி விரல் எழுந்துவிடுகிறது.