இரண்டு வாளித் தண்ணீர்

“மாப்பிள்ளை, அடுப்பு மூட்டறீங்களா, கோட்டை கட்டறீங்களா?”

மடக்கு நாற்காலியில் சாய்ந்தபடி மாமனார் கேட்டார். ஆற்று மணலில் முட்டி போட்டு, கல்லோடு கல்லைப் பொருத்திக்கொண்டிருந்தான் மாப்பிள்ளை. அவனோடு வேலை பார்க்கும் மீசை, சுற்றிலும் கிடந்த சருகுகளை மண்வெட்டியால் வழித்துத் தள்ளினான்.

“இதோ ஆச்சு மாமா.”

“காலையிலேர்ந்து இதைத்தான் சொல்றீங்க. விட்டா, மீன் திரும்ப ஆத்துக்கே போயிடும்.”

மாப்பிள்ளையின் மனைவி களுக்கென்று சிரித்தாள். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் வீட்டில் எத்தனை விருந்து! ஒன்றிலாவது அவன் கடைசி வரை உட்கார்ந்ததில்லை. பாதிச் சாப்பாட்டில் போன் வரும். கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடுவான்.

“இந்த ஞாயித்துக்கிழமை என் பக்கத்துல உட்கார்ந்து முழுசாச் சாப்பிடணும். இல்லேன்னா உங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று மாமனார் கறாராகச் சொல்லிவிட்டார்.

“லீவு போட்டு, என் கையாலேயே சமைச்சுப் போடறேன் மாமா” என்று இவனும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

மீசை ஒரு பிடி மணலைத் தூவிப் பார்த்தான். “அண்ணே, காத்து மாறுது. பொறி காஞ்ச புல்லுப் பக்கம் போகும்.”

“அப்போ இடத்தை மாத்து!”

கோட்டை பிரிக்கப்பட்டு, தள்ளிப் போய் மறுபடி எழும்பியது. இரு பக்கமும் இரண்டு வாளித் தண்ணீர் காவலுக்கு உட்கார்ந்தது.

மாமனாருக்குப் பொறுமை போய்விட்டது. “கார்ல கேன் நிறைய பெட்ரோல் இருக்கு. ரெண்டு சொட்டு விட்டா குப்புனு பிடிச்சுக்கும்!”

“வேண்டாம்!”

மாப்பிள்ளையும் மீசையும் சேர்ந்து போட்ட சத்தத்தில் அக்கரைக் கொக்கு பறந்தது. எழுந்த மாமனார் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஒருவழியாகச் சுள்ளி பிடித்தது. புகைந்தது. சடசடத்தது. திடீரென்று தழல் முழங்கால் உயரத்துக்கு எழும்பியது.

“சபாஷ்!” என்று மாமனார் கைதட்டினார்.

தட்டிய கை பிரிவதற்குள், சளார்! சளார்!

புகை விலகியபோது, ஆளுக்கொரு காலி வாளியோடு இருவரும் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றார்கள்.

“என்னங்க பண்ணித் தொலைச்சீங்க?” மனைவி அலறினாள்.

“கை... அதுவாப் போயிடுச்சு.”

மாமனார் எழுந்தார். போச்சு, நேரே கிளம்பப் போகிறார் என்று மாப்பிள்ளை வாளியோடு ஓரடி முன்னால் வந்தான்.

அவரோ இரண்டு வாளிகளையும் பிடுங்கி மகளிடம் நீட்டினார். “ரொப்பி உன் பக்கத்துலயே வெச்சுக்கோம்மா. அடுப்புக்கு நீ காவல். இவங்க கையில மட்டும் குடுத்துடாதே!”

கல்லைக் காய்ந்த மணலுக்கு மாற்றி, மிச்சமிருந்த சுள்ளிகளை அடுக்கி, அவரே பற்றவைத்தார். சின்னதாய், அடக்கமாய் எரிந்தது. மீன் வறுபட்டது. அதிசயமாக, அன்று போன் வாயே திறக்கவில்லை. மாமனாரின் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி முள்வரை ருசித்துச் சாப்பிட்டான் மாப்பிள்ளை.

“எழுந்திருங்க. இப்போ ஆசை தீர அணைங்க” என்றார் மாமனார்.

அவ்வளவுதான். இருவரும் ஊற்றினார்கள், சாம்பலைக் கிளறினார்கள், மறுபடி ஊற்றினார்கள், புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார்கள். கண்மூடித் திறப்பதற்குள் ஒரு பொறி பாக்கியில்லை.

மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அடுத்த ஞாயிறு உங்க வீட்டுக்கே வரேன் மாப்பிள்ளை, ஆனா சமையல் என் பொண்ணுதான். மூட்டறதுல முட்டை, அணைக்கறதுல நூத்துக்கு நூறு... தீயணைப்பு நிலையத்துலேர்ந்து மாப்பிள்ளை எடுத்தா வேற எப்படி இருக்கும்!”