மேலே மிதந்த கொழுப்பு

சமையல் மேடையில் ஒரு பால்பவுடர் டப்பா இருந்தது. அதன் மேல், மூக்குக்கண்ணாடியும் பட்டமளிப்புத் தொப்பியும் போட்ட குழந்தைப் படம். மனைவி ஆபீஸ் போகுமுன் எடுத்து வைத்த தாய்ப்பால் பாட்டிலை, கந்தவேள் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அதன் பக்கத்தில் வைத்துவிட்டுத் தொட்டிலை ஆட்டப் போனார்.

"என் நெத்தியைப் படி," என்றது டப்பா. "மூளை வளர்ச்சிக்கான கொழுப்புன்னு தங்க எழுத்து! உன் மேல என்ன எழுதியிருக்கு?"

"செவ்வாய், காலை ஆறு மணி. அம்மா பேனாவால எழுதினாங்க," என்றது பாட்டில்.

"அவ்வளவுதானா? எனக்குள்ள மீன் எண்ணெயே சேர்த்திருக்காங்க, தெரியுமா?"

"எனக்கும் கொழுப்பு உண்டு. குளிர்ல மேல வந்து மிதக்குது, பாரு. லேசா சுழற்றினா கலந்துடும்."

குழந்தை வீறிட்டது. கந்தவேள் ஓடிவந்தார். போன மாதம் கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுத்ததிலிருந்து எண்ணெய் விடாத தோசைதான் சாப்பிடுகிறார். பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

"அடேயப்பா, இவ்வளவு கொழுப்பா! பிஞ்சு இதயம் தாங்குமா?"

ஸ்பூனால் அதை ஒரு பொட்டு விடாமல் வழித்து சிங்க்கில் கொட்டினார். டப்பா விழுந்து விழுந்து சிரித்தது. அவர் அதையும் திருப்பிப் படித்தார்.

"இதுலயுமா!" என்று குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, மிச்சமிருந்த தண்ணிப் பாலோடு தொட்டிலுக்குப் போனார்.

"இந்த ஆளுக்கு என்ன ஆச்சு?" என்றது கூடைக்குள்ளிருந்து டப்பா.

சிங்க்கில் கிடந்த ஸ்பூன் சொன்னது: "கைக்குழந்தையா இருந்தப்போ இவருக்கும் யாரோ வழிச்சுக் கொட்டியிருக்காங்க."