ஏற்றியிருந்த கண்ணாடி

அவர் கதவை விசிறிக்கொண்டிருந்தார்.

இடது பக்கத்து ஜன்னலை இறக்கிவிட்டு, வலது பக்கக் கதவைத் திறப்பதும் அடிப்பதுமாக. வெயிலில் நின்ற காருக்குள்ளிருந்து வெக்கையை விரட்டுகிறாராம். தெருவே வேடிக்கை பார்த்தது. அவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை.

கார் வாங்கிய நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்து ஏசி ஓடியதில்லை.

"ஏசி போட்டா பெட்ரோலு தண்ணியா போவும்."

வேப்பமர நிழலாகத் தேடி நிறுத்துவார். முன்கண்ணாடிக்கு உள்ளே அட்டை வைப்பார். முன்னால் ஒரு ஜன்னல், அதற்குக் குறுக்கே பின்னால் ஒரு ஜன்னல், அது போதும் என்பார். கழுத்தில் ஈரத்துண்டு. வேலூர் வெயிலையே ஒரு துண்டை வைத்து ஏமாற்றப் பார்க்கிற மனிதர்.

எச்சில் கையால் காக்காய் ஓட்டமாட்டார் என்று அவள் அம்மா வீட்டில் பேச்சு. அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. கஞ்சன்தான், ஆனால் கள்ளமில்லாதவர் என்று நம்பியிருந்தாள்.

போன வாரம் எதிர்வீட்டு வசுமதி வந்து சொல்லும்வரை.

"அண்ணன் காரை காட்பாடி ஸ்டேஷன் ரோட்டுல பார்த்தேங்க்கா. யாரோ ஒரு பொம்பள கூட இருந்தாங்க. கண்ணாடியெல்லாம் ஏத்தியிருந்துச்சு."

பெண் இருந்ததைக்கூட அவள் செரித்துவிட்டாள். கூட வேலை பார்க்கிறவளாக இருக்கலாம்.

கண்ணாடி ஏற்றியிருந்ததாம். கத்திரி வெயிலில். மத்தியானத்தில்.

அப்படியென்றால் ஏசி ஓடியிருக்கிறது.

எவளுக்காக?

டைபாய்டு காய்ச்சலில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றுகூட ஈரத்துண்டைத்தான் நீட்டினார்.

அன்றிலிருந்து எல்லாமே கண்ணில் பட்டது. ஆபீசுக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர் இப்போதெல்லாம் காரில் போகிறார். காருக்குள் புதிதாக ஒரு எலுமிச்சை வாசனை. பின் சீட்டில் ஒரு கொண்டை ஊசி கிடந்தது. அவளுடையது இல்லை.

அப்புறம் அவருடைய வலது கை. அது மட்டும் கறுத்துப்போயிருந்தது. கணக்குப் பிரிவில், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற மனிதருக்குக் கை ஏன் கறுக்கிறது?

பொங்கலுக்கு முன்னால், ஆபீசில் ஆளைக் குறைக்கிறார்கள் என்று புலம்பித் தீர்த்தவர். இப்போது கேட்டால் ஒரே பதில்.

"எல்லாம் நல்லாத்தான் போவுது."

போகாதா பின்னே!

இன்று குடியாத்தத்தில் அக்கா மகளுக்கு வளைகாப்பு. அவர் ஒருவழியாகக் கதவை விசிறி முடித்தார். அவள் பின்கதவைத் திறந்து ஏறினாள்.

வேண்டுமென்றேதான்.

முன்பு ஒருமுறை அப்படி ஏறப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். "பின்னால உக்காந்தா பாக்கறவன் என்னை டிரைவர்னு நெனப்பான். முன்னால வா." அது அவர் சட்டம்.

அந்தக் கொண்டை ஊசி கிடந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். எவள் உட்கார்ந்தாளோ, அவள் இடத்தில். இப்போது கத்துவார். கத்தட்டும். எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டியதுதான்.

அவர் கத்தவில்லை.

அவள் கதவைச் சாத்தும்வரை பொறுத்திருந்து வண்டியை எடுத்தார்.

அதுதான் அவளுக்கு இன்னும் உறுத்தியது. குற்றமுள்ள நெஞ்சு, அதனால்தான் சத்தமில்லை.

பாலாற்றுப் பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் ஒரு லாரி, அதற்கு முன்னால் இன்னொன்று. கீழே தண்ணீர் இல்லாத ஆறு வெந்துகொண்டிருந்தது. ஓடுகிற காரில்தான் அவருடைய குறுக்கு ஜன்னல் வேலை செய்யும். நிற்கிற காரில் காற்றுக்கு எங்கே போவது? அவர் கழுத்துத் துண்டு காய்ந்து விறைத்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"உஸ்ஸ்" என்று அவள் முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டாள்.

யாருங்க அவ? தொண்டைவரை வந்துவிட்டது.

அதற்குள் கண்ணாடிகள் ஏறத் தொடங்கின. இரண்டும். அவர் திரும்பவில்லை. கண் அந்த லாரியிலேயே இருந்தது. கை மட்டும் ஏசி பொத்தானுக்குப் போனது.

"ஏசி போடட்டுங்களா மேடம்?"

அவளிடம் பேசுகிற குரல் இல்லை அது. பணிவாக இருந்தது. சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தது.

கை பொத்தான்மேல் அப்படியே நின்றுவிட்டது.

நடுக்கண்ணாடியில் அவர் கண்கள் அவளைப் பார்த்தன. உடனே லாரிக்குப் போய்விட்டன. காது மடல் சிவந்திருந்தது.

அவள் அந்தக் கறுத்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாகச் சேர்த்துவைத்த கோபத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை. அழுகைதான் வந்தது.

"வேணாங்க" என்றாள். "பெட்ரோலு தண்ணியா போவும்."

கதவைத் திறந்து இறங்கினாள். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அடித்துவிட்டுப் போகட்டும். சுற்றி வந்து முன் சீட்டில், அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கழுத்திலிருந்த துண்டை உருவி, பாட்டில் தண்ணீரை ஊற்றி நனைத்துப் பிழிந்தாள்.

கழுத்தில் போடவில்லை. எட்டி, அவருடைய வலது கையின்மேல் போட்டாள்.

லாரி நகர்ந்தது. அவர் வண்டியை எடுக்கவில்லை.

"போங்க" என்றாள். "நாளைலேர்ந்து ரெண்டு துண்டு எடுத்துட்டுப் போங்க."