கடைசி நாலு பக்கம்

நான் ஒட்டிவைத்த பக்கங்களை எழில் பிரித்துவிட்டாள்.

புத்தகத்தை என் மேசையில் வைத்து, சரியாக அந்த இடத்தில் திறந்து காட்டினாள். ஓரமெல்லாம் நெளிநெளியாக இருந்தது. ஓர் எழுத்துகூடக் கிழியவில்லை.

இட்லிப் பானை ஆவியில் காட்டியிருக்கிறாள். நான் காய்ச்சும் மைதா பசை வேறு எதற்கும் மசியாது.

பௌர்ணமிக்கு மறுநாள் அது. கிரிவலக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. எழில் எப்படியோ வந்து சேர்ந்திருந்தாள். வந்திருந்த மற்ற பதினெட்டுப் பெண்களும் நூலகப் பாடவேளைக்கு ஆளுக்கொரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார்கள்.

நான் தமிழாசிரியை. பள்ளி நூலகமும் என் பொறுப்பு. பதினொன்றிலிருந்து பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகள் எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்துகள் உண்டு. கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

திருடன் வரலாம். சிங்கம் வரலாம். பேய்கூட வரலாம், அது செத்துப்போன யாருடைய பேயாகவும் இல்லாத வரைக்கும். சாவு மட்டும் கூடாது.

இதுகள் வீட்டில் பார்க்காத துக்கமா? புத்தகத்துக்குள்ளாவது கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்துவிட்டு வரட்டுமே.

கிழிக்க முடியாது, தணிக்கைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். அதனால் ஒட்டிவிடுவேன். யாராவது இறந்துபோகும் பக்கங்களுக்கு மட்டும் ஓரத்தில் பசை தடவி, மேலே பெரிய அகராதியை ஏற்றி ஓர் இரவு வைத்தால் போதும். இதுவரை இருபத்து மூன்று புத்தகங்களை இப்படிக் காப்பாற்றியிருக்கிறேன்.

கணக்கு வாத்தியார் இளவரசன் ஒருமுறை சிரித்தார். பசை போட்டால் சாவு நின்றுவிடுமா என்று கேட்டார். உங்கள் கணக்கை நீங்கள் பாருங்கள் சார் என்று சொல்லிவிட்டேன்.

இந்தப் புத்தகத்தில் ஒரு பெண்ணின் அம்மா நோயில் படுத்திருக்கிறாள். நான் ஒட்டியதற்கு முந்தைய பக்கத்தில் எழுந்து உட்கார்ந்து இரண்டு வாய் கஞ்சி குடிக்கிறாள். கதை அங்கேயே முடிந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

போயும் போயும் இது எழில் கையிலா கிடைக்க வேண்டும். போன வாரம் நான் விடுப்பில் இருந்தபோது அலமாரியிலிருந்து எடுத்திருக்கிறாள்.

ஆடி மாதம்தான் அவள் அம்மா இறந்துபோனார். மஞ்சள் காமாலை. நாங்கள் ஆறு ஆசிரியர்கள் வேன் பிடித்துக் கீழ்பென்னாத்தூருக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்தோம்.

காரியம் முடிந்து அவள் பள்ளிக்கு வந்ததும், எந்தத் தொந்தரவும் இருக்கக் கூடாதென்று முன்பெஞ்சில் தனியாக உட்காரவைத்தேன். குரங்கும் கரடியும் பேசிக்கொள்கிற புத்தகங்களாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். அவள் அழுது நான் பார்த்ததில்லை. எழில் நன்றாகத் தேறிவிட்டாள் என்று ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

இப்போது அழப்போகிறாள் என்று நினைத்தேன். தண்ணீர் பாட்டிலைக்கூடப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

அவள் அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்திருந்தது.

“நல்லாத்தான மிஸ் முடிஞ்சிருக்கு? அவ அம்மா செத்ததும் கிளாஸ் பொண்ணுங்க எல்லாம் வீட்டுக்கு வந்து பக்கத்துல உக்காந்துக்குறாங்க. உங்கம்மா என்ன கொழம்பு வைப்பாங்க, எதுக்குத் திட்டுவாங்கன்னு கேக்குறாங்க. அவ சொல்லிக்கினே இருக்கா. இதப் போயி ஏன் மிஸ் ஒட்டுனீங்க?”

குனிந்து பார்த்தேன். அந்த நாலு பக்கங்களை அப்போதுதான் முதல் முறையாகப் படித்தேன்.

ஒட்டியபோது படிக்கவில்லை. முதல் பத்தியில் அம்மா இறந்துவிட்டாள் என்று கண்டதுமே பசையை எடுத்துவிட்டேன்.

எழில் சொன்னது சரிதான். அந்தப் பெண் தன் அம்மாவைப் பற்றிச் சொல்லச் சொல்லச் சுற்றியிருப்பவர்கள் அழுகிறார்கள், பிறகு எதற்கோ சிரிக்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள். அந்த வரியின் கீழ் எழில் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

பாட்டிலைத் திறந்து நானே இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தேன். பிள்ளைகள் முன்னால் ஆசிரியர் அழக் கூடாது என்பதும் என் கருத்துகளில் ஒன்று.

நிமிர்ந்து வகுப்பைப் பார்த்தேன். பதினெட்டுப் பேரும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள்.

எழிலும் திரும்பி அவர்களைப் பார்த்தாள். அவர்களில் நாலு பேர் ஆறாம் வகுப்பிலிருந்து அவளோடு ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். ஒருத்தியாவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்பாள் என்று எத்தனை நாள் காத்திருந்தாளோ. ஏன் யாரும் வரவில்லை என்று அவளுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும்.

சாவுக்குத் தாங்களும் வருவதாகச் சொல்லி அவர்கள் அன்று வேனைச் சுற்றி நின்றார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை என்று நான்தான் விரட்டினேன். பிறகு, எழில் நாளைக்கு வருகிறாள் என்று அவள் அப்பா போன் செய்ததும், வகுப்புக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரிடமும் சொன்னேன். அவள் அம்மாவைப் பற்றி அவளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசியது தெரிந்தால் சும்மா விடமாட்டேன்.

தங்கமான பிள்ளைகள். மூன்று மாதமாக ஒருத்திகூடப் பேசவில்லை.