அடுப்பை மூடுகிற நேரம்

ஈர விறகு. ஊதி ஊதி என்ர கண்தான் எரிஞ்சுது, அடுப்பு எரியேல்லை.

காலமை சைக்கிளை எடுத்துக்கொண்டு போன மனிசன். துறைமுகப் பக்கம் இங்கிலீசு படிப்பிக்கப் போனவர். மத்தியானம் ஆமிக்காரர் ஜீப்பில ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு வந்து கேர்பியூ, ஊரடங்கு எண்டு கத்திப்போட்டுப் போட்டாங்கள். இவரைக் காணேல்லை.

அந்தச் சொல்லுக்குப் போன கிழமைதான் வேர் தோண்டினவர். "கமலா, அது பிரெஞ்சுக்காரன்ர சொல். நெருப்பை மூடு எண்டு அர்த்தம். அந்தக் காலத்தில பொழுதுபட மணி அடிச்சால், ஊர் எரியாமல் இருக்க எல்லாரும் அடுப்பை மூடிப்போட்டுப் படுக்கவேணும்."

இப்ப அர்த்தம் வேறை. றோட்டில தலை தெரிஞ்சால் வெடி.

என்ர அடுப்பை மூடச் சொல்ல அந்தப் பிரெஞ்சுக்காரன் ஆர் எண்டு அண்டைக்குக் கேட்டனான். விழுந்து விழுந்து சிரிச்சவர்.

வரட்டும் இண்டைக்கு. நல்லா ஏசிப்போட்டுத்தான் சோறு போடுவன். சுடச்சுட இல்லாட்டி அவருக்கு இறங்காது.

கேர்பியூ எண்டாலும் எங்கட அன்புவழிபுரத்தில கதை வேலியில ஆள் நுழையிற பொட்டுகளுக்குள்ளால போய்வரும். இண்டைக்கு என்னட்டை ஒருத்தரும் வரேல்லை. பக்கத்து வீட்டு றேடியோவும் ஓய்ஞ்சுபோச்சு.

கிடுகு வேலிக்குக் கீழால ஆக்களின்ர கால்கள் தெரிஞ்சுது. ஆரது எண்டு கேட்டன். கால்கள் சத்தமில்லாமல் விலகிப் போச்சு.

நான் திரும்பவும் அடுப்புக்குள்ள ஊதினன்.

வேலிக்கு அங்கால இராசமலர் அக்கா வீட்டுப் பக்கமிருந்து சோறு கொதிக்கிற மணம். தனிச்ச மனிசி, இந்த நேரத்தில ஆருக்குச் சமைக்கிறா?

ஆடியில அவவின்ர மோன் செத்தபோது, செத்த வீட்டில அடுப்பு மூட்டக்கூடாதெண்டு நான்தான் சோறாக்கிக் குடுத்தனான். குடுத்த பெரிய பானை இன்னும் திரும்பி வரேல்லை. கேட்கவும் மனம் வரேல்லை.

ஒருமாதிரி விறகு பத்தினது. அப்பாடா! உலையை வைச்சன்.

பொட்டுக்குள்ளால இராசமலர் அக்கா வந்தா. கையில என்ர பானை. மூடியிருந்த வாழையிலைக்குக் கீழால ஆவி பறந்தது.

"ஏனக்கா சோறு? நான் இப்பதானே உலை வைச்சனான். அவர் வந்திடுவார்."

அவ என்ர முகத்தைப் பார்க்கேல்லை. பானையைக் கீழ வைச்சா. என்ர உலையை இறக்கினா.

பிறகு சாம்பலை அள்ளி, மெல்ல மெல்ல, என்ர அடுப்பை மூடினா.