முன்கையில் ஒரு நம்பர்

இரண்டு மாதத்தில் இது மூன்றாவது புயல். போன புயலில் கரை ஒதுங்கியவர்களை யாரென்று தெரியாமலே புதைத்திருந்தார்கள். அதனால் இந்த முறை முகாமுக்கு வந்த எல்லோருடைய முன்கையிலும் மார்க்கரால் பெயரும் போன் நம்பரும் எழுதினார்கள். பிரசில்லாள் மகளின் கைக்கும் தன் கைக்கும் ஒரே நம்பரைச் சொன்னாள். எழுதும் பெண் அதைப் போட்டுப் பார்த்தாள்.

“சுவிட்ச் ஆஃப்னு வருதே. யாரோடதுக்கா?”

“எங்க வீட்டுக்காரர். போன புயலுக்கு முந்தின நாள் கடலுக்குப் போனார். இன்னும் வரல.”

எழுதும் பெண் மார்க்கரை மூடினாள். “வேற நம்பர் சொல்லுங்கக்கா.”

“இதையே எழுதும்மா. அவர் திரும்பி வந்தா எங்களை எங்கேன்னு தேடுவார்?”

எழுதி முடித்ததும் மகள் மை காயட்டுமென்று தன் கையை ஊதினாள். பிறகு அம்மாவின் கையையும்.